வாட்டம்

டைல்ஸ் பதிப்பவர் கொஞ்ச நாளாகவே வீட்டில் வாயைத் திறப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். மனைவி ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள், நேராகவும் கேட்டாள். எதற்கும் ஒரே பதில்தான்: ஒன்றுமில்லை.

ஒருநாள் அவர் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வெளியே போயிருந்தபோது அழைப்பு வந்தது. கடைசியாக அவர் குளியலறைத் தரை போட்டுக் கொடுத்த வீட்டம்மா. வாட்டம் சரியில்லை, வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மனைவிக்குத் தெரிந்த வாட்டம் முகவாட்டம் ஒன்றுதான். வேலை பார்த்த வீட்டுக்காரி கண்ணில் படுகிற அளவுக்கா இந்த மனிதன் வாடிப்போய்விட்டான் என்று வாசலிலேயே காத்து நின்றாள்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். "உங்க வாட்டம் சரியில்லன்னு அந்த வீட்டம்மா போன் பண்றாங்க. ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் சொல்ல மாட்டீங்க."

அவர் முகம் வெளிறிவிட்டது. "தண்ணி தேங்குதாமா?"

"என்ன தண்ணி?"

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வடிவதற்காகத் தரையில் விடும் சரிவைத்தான் அவர் தொழிலில் வாட்டம் என்பார்கள். அதை இப்போது சரியாக விட முடியவில்லை. தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி மங்கலாகத் தெரிகிறது, சில நேரம் இரண்டாகவும் தெரிகிறது.

"குருடாயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

"இதையா இத்தனை நாளா மனசுல போட்டு மென்னுக்கிட்டு இருந்தீங்க?" அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாளே கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்புரைதான், எடுத்துவிட்டால் பார்வை தெளிந்துவிடும் என்றார் டாக்டர். அவர் நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். அவருக்குப் பின் அவளும் கேட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த போன் விஷயம் நினைவுக்கு வந்து இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டம்மாவிடம் உள்ளதைச் சொன்னார். பொறுத்துக்கொள்வதாக அவரும் சொன்னார். ஆபரேஷன் ஆகி, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார். வீட்டம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். அது சளசளவென்று ஓடி மூலைக் குழிக்குள் இறங்கியது. அடுத்து சமையலறைத் தரையைக் காட்டி, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார் அந்தம்மா.