எங்கள் பத்திரிகைக்குச் சந்தூக் என்று பெயர்

அத்தா நடத்திய மாதப் பத்திரிகைக்குச் ‘சந்தூக்’ என்று பெயர். இறந்தவரின் மய்யத்தைத் தூக்கிப் போகப் பள்ளிவாசலில் வைத்திருக்கும் மரப்பெட்டிதான் சந்தூக். திருவண்ணாமலையில் எங்கள் ஜனங்களுக்காக நான்கு பக்கம் அச்சடித்துவிட்டு, அதற்குப் போய் இந்தப் பெயரா என்று கேட்காதவர் இல்லை. “கல்யாணச் செய்தி போடுற பேப்பருக்கு வேற பேரே கெடைக்கலியா பாய்?” என்று கடைத்தெருவே கேலி செய்யும். அத்தா அசரமாட்டார். “மண்டிக்காரரும் அதுலதான் போவணும், மூட்டை தூக்குறவனும் அதுலதான் போவணும். நம்மகிட்ட எல்லாருக்கும் பொதுவா இருக்கிறது அது ஒண்ணுதான்” என்பார்.

எழுபதுகளின் கடைசியில் அதற்கும் வேட்டு வைத்தார் முத்தவல்லி. பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. தன் தகப்பனார் மௌத்தானபோது தேக்கில் பளபளவென்று ஒரு சந்தூக் செய்தார். பிறகு அதைப் பெரிய குடும்பங்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்தார்; மற்றவர்களுக்குப் பழையதுதான். தொழுகையில் தோளோடு தோள் நிற்கிற மனுஷர்கள் செத்த பிறகு வகுப்பு பிரித்துக்கொண்டார்கள்! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அத்தா அதை முதல் பக்கத்திலேயே போட்டுக் கிழிகிழியென்று கிழித்தார். மறு மாதமே கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். முத்தவல்லி வீட்டுக்கு வந்து, “பேரை மாத்துங்க பாய். இந்தப் பேச்சையும் விட்டுடுங்க. விளம்பரத்துக்கு நான் பொறுப்பு” என்றார். அத்தா காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆளுக்குக் காபி ஒரு கேடா என்று நான் கத்தினேன்.

அந்தக் கோடையில் அம்மா மௌத்தானாள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடிப்பதற்குள், நாங்கள் கேட்காமலேயே தேக்குச் சந்தூக் வாசலில் வந்து இறங்கியது. என்ன தந்திரம்! அம்மா அதில் போய்விட்டால் அத்தா அதற்கப்புறம் எதை எழுதுவார்?

“பழசு வேற மய்யத்துக்குப் போயிருக்கு பாய். இதுலயே எடுத்துடலாம், வெயில் ஜாஸ்தியாவுது” என்றார் முத்தவல்லி.

“அது வரட்டும். நாங்க காத்திருக்கோம்” என்றார் அத்தா.

காத்திருந்தோம். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு என்ன வீம்பு என்று அத்தா மேலும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. மதியத்து லுஹர் தொழுகையும் முடிந்த பிறகுதான், ஒரு ஜட்கா வண்டிக்காரரைக் கபரஸ்தானில் அடக்கிவிட்டு அவர் மகன்கள் பழைய சந்தூக்கை ஓட்டமாகத் தூக்கி வந்தார்கள். அதன் காலில் ஒட்டியிருந்த கபரஸ்தான் மண்ணை அத்தா தன் துண்டால் துடைத்தார். அம்மா அதில் போனாள்.

தேக்குச் சந்தூக்கைக் கொண்டுவந்தவர்கள், கடைத்தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் காலியாகவே திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களோடு உள்ளே நின்ற நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையோடு அழுகையாக, “நல்லா தூக்குங்கடா” என்றேன்.