இருவரும் தெளிவாக விழுந்த படம்

நேற்று புதுச்சேரிக் கடற்கரையில் மகள் என்னைப் படம் எடுத்தாள். எனக்குப் பின்னால் நின்ற என் தம்பியின் முகத்தைச் செல்போன் மங்கலாக்கிவிட்டது. உடனே எங்கள் பழைய முதலியார்பேட்டை வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

அக்கா கல்யாணத்தின்போது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குடும்பப் படத்துக்கு அப்பா இடப்பக்கம் முன்னால் உட்கார்ந்தார். சித்தப்பா வலப்பக்கம், வெகுதூரம் பின்னால் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"ரெண்டு பேரும் தெளிவா விழணும்," என்றாள் அம்மா.

"அவங்க நகர வேணாம்மா. நான் லென்ச சாய்வா திருப்பிக்கிறேன், கிட்ட இருக்கறவரும் தூர இருக்கறவரும் ஒண்ணா தெளிவா விழுவாங்க," என்ற ஸ்டுடியோக்காரர், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மரக் கேமராவில் லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மெல்லத் திருப்பினார்.

படம் வந்ததும் அப்பா வெகுநேரம் பார்த்தார். "இவன் ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டான்?" என்றார்.

அன்று மாலையே சாரம் பகுதியிலிருந்த சித்தப்பா வீட்டுக்குச் சைக்கிளில் போனார். திரும்பி வந்தபோது கேரியரில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.