வெறுங்கூடையில் இருந்த கோழி

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்து முடித்துவிட்டு, கண்டாவளையில் அம்மாவோடு வீட்டிலிருந்த காலம் அது. வேலை கிடைக்கவில்லை; சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. மீனை ஐஸ் போட்டு ஏற்றிவந்த, சூடோ குளிரோ கடத்தாத பழைய வெள்ளை றெஜிபோம் பெட்டியொன்றைக் கழுவிக் காயவைத்து, கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தேன். உள்ளே ஒரு சின்ன பல்ப், சூட்டை உணர ஒரு சென்சர், சூடு குறைந்தால் பல்பை எரியவைத்து, கூடினால் அணைக்க ஒரு கம்பரேற்றர். இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு எது கூடுதல் என்று சொல்லும் சின்னஞ்சிறு சில்லுதான் அது. எல்லாம் சோலர் பற்றரியில் ஓடியது.

அம்மா பெருமை தாங்காமல் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். அந்த வருடம் நோய் வந்து எங்கள் பக்கத்தில் நிறையக் கோழிகள் செத்திருந்தன. மிஞ்சிய கோழிகளின் முட்டைகளை அயல் பெண்கள் என்னை நம்பித் தந்தார்கள். இவை போனால் அவர்களின் முற்றங்கள் வெறுமைதான். யாருடையது என்று தெரியக் கரியால் அடையாளம் போட்டோம். ஒரு வீட்டுக்குப் புள்ளி, ஒரு வீட்டுக்குக் கோடு. பக்கத்து வளவு அக்காவுக்குப் பிறை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“ஏம்புள்ள, ஒம் பொட்டிக்கு எரை போட்டியா?” என்று தினமும் வேலிக்கு மேலால் கேட்பார்.

மாரி மழை பிடித்துக்கொண்டது. குஞ்சுகள் வெளிவரும் நாள் நெருங்கி, ஓட்டுக்குள்ளே கீச்சுச் சத்தமும் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால், காற்றில் மூடி விலகி, பெட்டி இருண்டு கிடந்தது. குளிரில் எரியவேண்டிய பல்ப், குளிரில் அணைந்துபோயிருந்தது! வயரை ஆட்டினேன். பற்றரியைப் பார்த்தேன். எல்லாம் சரி. பல்பை நேரே பற்றரியில் கொடுக்கலாம் என்ற சின்ன விசயம்கூட அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. படித்த படிப்பு அவ்வளவுதான். முட்டையொன்றைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. விம்மி அழுதுவிட்டேன்.

“ஐயோ பிள்ளை, சனத்துக்கு என்னத்தைச் சொல்லப்போறம்?” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

சத்தம் கேட்டு அக்கா மழையில் நனைந்தபடி ஓடிவந்தார். பெட்டியைப் பார்த்தார். அன்று கேலி செய்யவில்லை.

“அழுவாத புள்ள. எங்கூட்டுக் கோழி வெறுங்கூடையிலதான் ஒக்காந்திருக்கு. முட்டையெல்லாம் ஒனக்குக் குடுத்தாச்சுன்னு அதுக்குத் தெரியுமா?”

இப்படி அடையிலிருக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி எழுப்பிவிடுவதுதான் வழக்கம். அவர் பாவம் பார்த்து விட்டிருந்தார். கோழியைக் கூடையோடு சாக்கால் மூடித் தூக்கிவந்தார். அவர் குரல் கொடுக்க, இன்னும் இரண்டு வீடுகளில் அடையிலிருந்த கோழிகளும் அதேபோலக் கூடையோடு வந்து சேர்ந்தன. புள்ளியா கோடா என்று யாரும் பார்க்கவில்லை. குசினி அடுப்பருகே கூடைகளை வைத்து, எல்லா முட்டைகளையும் அவற்றின் அடியில் தள்ளினோம். அக்காவின் கோழி சிறகை விரித்து, அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுத்தது. எவ்வளவு நேரம் போனதோ, உள்ளிருந்து ஒரு கீச்சு பதில் சொன்னது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மழை விட்டபிறகு மீற்றரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில்லுக்கு ஐந்து வோல்ற் கொடுத்த நான், சென்சருக்கு நேரே பன்னிரண்டு வோல்ற் பற்றரியிலிருந்து எடுத்திருந்தேன். குளிரக் குளிரச் சென்சர் அனுப்பும் அழுத்தம் ஏறும். சில்லின் வாசலுக்கு வரக்கூடிய அழுத்தத்துக்கோ ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டியதும் அது குளிரைச் சூடென்று தலைகீழாகப் பதில் சொல்லி, பல்பை அணைத்துவிட்டது. வெயில் நாளில் சோதித்தபோது அழுத்தம் அந்த எல்லைவரை போகவே இல்லை.

சில ஓடுகள் திறக்காமலே போயின. மற்றவை பொரித்தன. அடையாளம் ஓட்டில்தானே, குஞ்சில் இல்லையே! எல்லாம் கலந்து எங்கள் முற்றத்தில் ஓடின. “யாரு எதைப் புடிக்கிறாங்களோ அது அவங்களுக்கு” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள், ஒருவர்கூட என்னைக் குறைசொல்லவில்லை.

இப்போது வவுனியாவில் மின்சுற்று வடிவமைக்கும் வேலை. கம்பரேற்றர் வரைய உட்கார்ந்தால் முதலில் அந்த எல்லையைத்தான் பார்ப்பேன். உடனே ஈரச் சாக்கின் மணம் வரும். ஒழுங்கைக்கு ஓடிப்போக மனம் அவதிப்படும். என் பெட்டி கைவிட்ட முட்டைகளை, அந்தப் பெட்டிக்காக நான் வெறுங்கூடையில் இருக்கவிட்ட கோழியே வந்து ஏற்றுக்கொண்டதை நினைத்தால், இன்றைக்கும் கண் கலங்கிவிடுகிறது.