பென்சிலால் எழுதிய பெயர்

பழைய தோலும் ஈரம் பிடித்த காகிதமும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு மணம் உண்டு. லண்டனில் பழைய சாமான் விற்கும் கடைகளைத் தாண்டிப் போகும்போது அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். சின்ன வயது ஞாபகங்கள் இனிக்கும் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்கு அவை இனிப்பதில்லை.

லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் மேல்மாடி. கீழே வீட்டுக்காரி டொரத்தி தனியே இருந்தார். பார்வை மங்கிய வெள்ளைக்காரக் கிழவி. அவருடைய முன்னறை மேசையில், அதே மணம் வீசும், பித்தளைக் கொளுக்கி போட்ட, ஒரு கையால் தூக்க முடியாத பைபிள் ஒன்று கிடந்தது. மூடிவைத்தால் பெட்டி மாதிரி இருந்ததால் அம்மா அதற்கு "வேதப் பெட்டி" என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வதனி அக்கா கீழே போய் அதைக் கிழவிக்கு வாசித்துக் காட்டுவாள். அவளைவிட ஏழு வயது இளையவளான நான் பிஸ்கட்டுக்காகப் பின்னாலேயே போவேன். அப்பாவுக்கு இது துண்டாகப் பிடிக்காது. "மற்றவையின்ர வேதத்தில எங்களுக்கு என்ன வேலை?" என்பார்.

அந்தப் பைபிளின் நடுவில், குடும்பத்தில் பிறந்தவர்களின் பெயர்களை எழுதுவதற்கென்றே விடப்பட்ட பக்கங்கள் இருந்தன. பழுப்பேறிய மையில், சாய்ந்த எழுத்தில், பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இறங்கும். முதல் பெயர் மட்டும் தாள் கிழியுமளவுக்கு மையால் அடித்து அடித்து அழிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போலச் சின்னதாக, பென்சிலில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஆன். என் மகள்."

ஆன், டொரத்தியின் பாட்டனாருடைய அக்கா. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் புதிதாகக் கிளம்பிய மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர்கள் இங்கே வந்தபோது, அவள் அவர்களோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்று, லிவர்பூலில் கப்பல் ஏறி, அந்தச் சபையார் குடியேறிய யூட்டாவுக்குப் போய்விட்டாளாம். தகப்பன் பேனாவை எடுத்துப் பெயரை அடித்தார். தாய் அவருக்குத் தெரியாமல் பென்சிலால் எழுதினாள். "அவள் போய்ச் சேர்ந்தாளா, கடலில் செத்தாளா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது" என்று கிழவி சொன்னதிலிருந்து அக்காவுக்கு வேறு யோசனையே இல்லை.

அப்போது தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் வாசலில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு மோர்மன் இளைஞர்கள் நிற்பார்கள். எல்லாரும் அவர்களைக் கண்டதும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்கள் போல ஓடுவார்கள். அக்கா தானாகப் போய் ஆன் பற்றிக் கேட்டாள். அவர்களுடைய சபை குடும்ப வரலாறுகளைத் தேடிச் சேர்க்கிற சபை. சில வாரங்களில் பதில் வந்தது. ஆன் போய்ச் சேர்ந்திருந்தாள், கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்றிருந்தாள், மூத்த பெண்ணுக்குத் தன் தாயின் பெயரையே வைத்திருந்தாள். அதைக் கேட்டு டொரத்தி என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்கா அதன்பிறகும் ஞாயிறு தோறும் அந்தச் சபைக்குப் போனாள். பத்தொன்பது வயதில், தானும் ஞானஸ்நானம் பெறப் போவதாக வீட்டில் சொன்னாள். அப்பா கத்தவில்லை, கத்தியிருந்தால் மன்னித்திருப்பேன். சுவரில் தொங்கிய குடும்பப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு, "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்றார். அக்கா ஒரு பையோடு படியிறங்கினாள். கிழவிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அப்பா அந்த மாதமே வேறு வீடும் பார்த்தார்.

இதே அப்பாதான் ஊரில் போர்க்காலத்தில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அவர்கள் எங்கே என்று லண்டன் தெருக்களில் தொண்டை கிழியக் கத்தியவர். அந்தக் கூட்டங்களுக்கு என்னையும் கூட்டிப்போவார். என் சொந்த அக்கா அதே லண்டனில், குட்மேய்ஸில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, உயிரோடு, விலாசத்தோடு இருந்தாள். இதை எப்படிப் பொறுப்பது?

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பேசாமல் இரு பிள்ளை, சனம் என்ன கதைக்கும்?" என்பதே அவருடைய மந்திரம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது, அப்பா கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற நேரம் பார்த்து அர்ச்சனைத் தட்டை ஐயரிடம் நீட்டி, "வதனி, ரோகிணி நட்சத்திரம்" என்று மெல்லச் சொல்வார். மோர்மனாகிப்போன மகளுக்குப் பிள்ளையாரிடம் அர்ச்சனை. அப்பா வந்து சேரும்போது அம்மாவின் வாய் மூடியிருக்கும்.

அப்பா செத்தபோது சித்தப்பா மரண அறிவித்தல் எழுதினார். நம்மவர் அறிவித்தல்களில் கொழும்பிலிருந்து கனடா வரை மருமகன், பெறாமகள், சகலன், சம்பந்தி என்று ஒருவர் விடுபடாமல் வருவார்கள். பெற்ற மூத்த மகள் வரவில்லை. அக்கா தகனசாலையின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாள்.

போன மாதம் அம்மாவும் போய்விட்டார். அந்த இரவு அக்கா எனக்கு ஓர் ஏல விற்பனைப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். டொரத்தி இறந்தபின் யார் யார் கையிலோ மாறிய அந்தப் பைபிள், மோர்மன் வரலாற்று ஆர்வலர்களுக்கு உகந்தது என்ற குறிப்போடு விலைக்கு வந்திருந்தது. பெயர்ப் பக்கத்தின் படமும் இருந்தது. தகப்பன் அடித்த மை அப்படியே கறுப்பாக இருந்தது. கீழே ஒன்றுமில்லை. "பக்கங்கள் நன்கு சுத்தம் செய்யப்பட்டவை" என்று பெருமையாக வேறு எழுதியிருந்தார்கள். ஆனின் தாய் பென்சிலால் எழுதியதை ஊத்தை என்று நினைத்து ரப்பரால் துடைத்திருக்கிறான் ஒரு மடையன்.

மறுநாள் காலை சித்தப்பா போனில் அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்தார். "நளினியின் பாசமிகு தாயாரும்" என்றிருந்தது. நளினி நான்.

"அக்கான்ர பேர் எங்க, சித்தப்பா?"

"அண்ணை விரும்பேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. அவளின்ர பேர் வந்தா என்ர பேரைப் போடாத."

"உங்கட பேரும் வரும், அவளின்ர பேரும் வரும். இந்த வீட்டில இனி ஒருத்தற்ர பேரையும் வெட்ட ஏலாது. போனைத் தாங்கோ."

அவர் தரவில்லை, நான் பிடுங்கினேன். என் பெயருக்கு முன்னால் "வதனி" என்று அடித்து, அவர் முன்னாலேயே அறிவித்தல் போடுகிறவர்களுக்கு அனுப்பினேன்.

செத்த வீட்டுக்கு வந்த சனம் என்ன கதைத்தது தெரியுமா? ஒன்றும் கதைக்கவில்லை. அறிவித்தலைப் பார்த்துவிட்டு வந்த பழைய அயலட்டை மனிசி ஒருவர் என் தலையைத் தடவி, "மூத்தவள் எங்க பிள்ளை, சுகமா இருக்கிறாளே?" என்று கேட்டார், அவ்வளவுதான். அக்கா பக்கத்து அறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அம்மா இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தார். அது இவ்வளவு அன்பாக வந்தபோது, காதால் கேட்க அம்மா இல்லை.