முட்டைக்கோழி கொடுத்து வாங்கிய படம்

பள்ளிக்கூடப் படம் என்று யாராவது எடுத்து நீட்டினால் எனக்கு இன்றும் வயிறு எரியும். ஜப்பான்காரன் காலத்தில், பாலிங் டவுன் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், எங்கள் அம்மா அப்படி ஒரு படத்துக்கு முட்டையிடும் கோழியைக் கொடுத்தாள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு கோழிதான். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத நாளில், காய்ச்சலில் விழுந்து விழுந்து எழுந்த என் தம்பிக்கு அதன் முட்டைதான் மருந்து.

அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் வருவதற்குள் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அதை வாய்விட்டே சொன்னாள்.

"அவரு வந்து கேட்டா காட்ட, புள்ள மொகம் ஒண்ணு வீட்டுல இருக்கணும்."

டவுனிலிருந்து சைக்கிளில் வந்த படக்காரர் ஜப்பான் நோட்டைத் தொடவே இல்லை.

"இந்த டுவிட்ட, இந்தக் காகிதக் காச வெச்சு நான் என்னா செய்யறதுலா? கோழி, அரிசி, ஏதாச்சும் கொண்டாங்க."

எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒத்து ஊதினார். ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் சனங்கள் கொண்டுவந்து கொட்டினார்கள்.

படம் எடுக்கிற அன்று தம்பிக்கு எண்ணெய் தடவி வாரிவிட்டேன். உச்சியில் இரட்டைச் சுழி; முடி படியவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "ரெட்டச் சுழிலா. ரெண்டு பொண்டாட்டி கட்டுவான், பாத்துக்க." அப்பாவும் இப்படித்தான் அவனைக் கேலி செய்வார்.

எங்களை மூன்று வரிசையாக நிறுத்தினார்கள். படக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு பிளேட்; அதில் ஒரு படம்தான் விழும். காமிரா மூடியைக் கழற்ற அவர் இடுப்பை வளைத்துக் குனிந்தார். அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் குனிந்தால் நாமும் குனிய வேண்டும், நிமிரச் சொல்லும்வரை நிமிரக் கூடாது என்று ஜப்பான்காரர்கள் எங்களை அடித்துப் பழக்கியிருந்தார்கள். எங்கள் வாத்தியாரே ஒருமுறை குனியத் தவறியதற்காகச் சிப்பாயிடம் அறை வாங்கியவர். முன்வரிசை குனிந்தது, பின்வரிசை குனிந்தது, வாத்தியாரும் குனிந்தார். நானும்தான். ஒருவரும் அசையவில்லை. படக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பிளேட்டில் படம் விழுந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது. மங்கிப்போன தாளில் வெறும் உச்சந்தலைகள். பெற்றவர்கள் எல்லாரும் படக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இதுல எம்புள்ள மொகம் எங்கண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"புள்ளைங்க குனிஞ்சதுக்கு நானா பொறுப்பு, தங்கச்சி? வேற பிளேட்டும் இல்ல."

"அப்ப கோழியத் திருப்பிக் குடுங்க."

"அது அன்னைக்கே கொழம்பாயிடுச்சு."

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். சிலர் அங்கேயே படத்தைக் கிழித்துப் போட்டார்கள். அம்மா கிழிக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான்.

யுத்தம் முடிந்து அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பினார். மகன் இல்லை என்பதை வரும் வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொகத்தக் காணமே?"

பிறகு அவருடைய விரல் ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டே போய், இரண்டாம் வரிசையில் ஒரு இரட்டைச் சுழியின் மேல் நின்றது. அங்கிருந்து விரலை எடுக்கவே இல்லை.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கோழிய வெச்சிருந்தா முட்டையாவது தின்னிருப்பான்."