செவ்வந்திக்கு நான் பொறுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்காக முகநூலில் ஒரு குழுவை ஆரம்பித்தவன் நான்தான். நமுனுகுலப் பக்கத்து லயன் வீடுகளில் இருப்பவர்கள், பதுளைக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போனவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் அதைத் தினமும் திறந்து பார்த்தது எனக்காக அல்ல, செவ்வந்திக்காக.

செவ்வந்தி என்ற புனைபெயரில் எழுதியது என் அக்கா. கொழுந்து பறிப்பவள். மஞ்சள் செவ்வந்திப் பூவின் படத்தைப் போட்டு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததும், என் பழைய போனைக் கொடுத்ததும் நானே. மாமியாருக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார், எழுத்து அத்தோடு நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் போனை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பாள். மலையில் காட்டுப்பன்றி புகுந்த அன்று, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பெண்களை முந்திக்கொண்டு மரமேறியதை அவள் எழுதியபோது, பசறை பஸ்ஸில் நின்றுகொண்டே சத்தமாகச் சிரித்தேன். மாமியார் சுடும் ரொட்டியை ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றும் எழுதினாள். முருகன் படத்தோடு அந்த மாமியாரும் குழுவில்தான் இருந்தார். விஷயம் தெரியாமல் அதற்கும் ஒரு இதயம் போட்டுவிட்டுப் போனார் என்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

பிறகு முகமில்லாத கணக்கு ஒன்று வந்து அவளுடைய பதிவுகளுக்குக் கீழே அசிங்கமாக எழுத ஆரம்பித்தது. நீக்கினால் வேறு பெயரில் வந்தது. அக்கா எழுதுவதைக் குறைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தில் நான் எடுக்கும் முடிவுகளைப் பற்றி அவளைக் கேட்டால் நிறையச் சொல்வாள். எல்லோரும் அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து ஒரு வாரத்துக்குள் எனக்கு அனுப்ப வேண்டும், அதன்பின் அட்டையில் உள்ள பெயரிலேயே எழுத வேண்டும், மறுப்பவர்கள் வெளியே என்று அறிவித்தேன்.

படங்கள் வந்து குவிந்தன. மாமியார் அட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு அனுப்பியிருந்தார். முகமில்லாத கணக்கு காணாமல் போனது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஏழாம் நாள், ஒழுங்காக அட்டை காட்டிய ஒருவர் சொந்தப் பெயரிலேயே எழுதினார். "நாங்க எல்லாம் ஐடென்டி காட்டினோம். பூவுக்கு மட்டும் என்ன சலுகை? மூஞ்சிய காட்டாத பொம்பள என்ன மாதிரி பொம்பள?" அதற்குக் கீழே அதே பழைய அசிங்கங்கள். அவருடைய அட்டையும் சிரித்த முகமும் என் போனில் பத்திரமாக இருந்தன.

அக்காவை அழைத்தேன்.

"என்னய தூக்கிரு தம்பி. நீ போட்ட ரூல்ஸ் தானே," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்காகப் போட்ட விதி அவளையே வெளியே தள்ளுகிறது என்று வெட்கமாக இருந்தது. நீக்கவும் மனம் வரவில்லை, யாரென்று சொல்லவும் வழியில்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அந்த ஆளின் கேள்விக்குக் கீழே, அக்காவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண் ஒருத்தி எழுதினாள். "பூ யாருன்னு எனக்கு தெரியும். நான் பொறுப்பு." அடுத்து இன்னொருத்தி. "பன்னி வந்த அன்னைக்கு நானும் அங்க தான் நின்னேன். நானும் பொறுப்பு." இப்படிப் பதினோரு பேர். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் நினைத்திருந்ததை அந்த மலையே கட்டிக்காத்திருக்கிறது. ஒருத்திகூடப் பெயரைச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவதாக முருகன் படம் வந்தது.

"அது என் மருமக. அவ ஐடென்டி எங்க வீட்டு அலமாரியில இருக்கு. பாக்கணும்னா நேர்ல வாங்க. நான் வாசல்ல தான் இருப்பேன்."

அந்த ஆளை நீக்கினேன். என்னிடம் இருந்த அட்டைப் படங்களையெல்லாம் அழித்தேன். பிறகு பயந்துகொண்டே அக்காவை அழைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"மாமி ஏசினாங்களா?"

"இல்லடா. ரெண்டு வருஷமா ஒளிச்சு வச்சேன். மாமிக்கு மொத மாசமே தெரியுமாம். அரிசி எடுக்குறப்பல்லாம் போன தொடச்சு, திரும்ப அதே எடத்துல வச்சிருக்காங்க."