முதுகு காட்டி நின்றவன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எழுபத்தெட்டில், பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. பார்த்தவள் நவமணி. ஸ்பெயின் துரை பங்களாவில் சமையல்காரி. பொய் சொல்ல வராது அவளுக்கு.

இவர் தோட்டத்துத் துரை அல்ல. ஊமைப்படக் காலத்தில் ஸ்பெயினில் பெயர் வாங்கிய நடிகர். பிறகு தானே டைரக்டராகி, தானே கதாநாயகனாகி ஒரு படம் எடுத்தார். படங்கள் பேசத் தொடங்கியதும் அவருடைய கீச்சுக் குரலைக் கேட்டுக் கொட்டகையே சிரித்ததாம். அதோடு சரி. மணிலா, சிங்கப்பூர் என்று அலைந்து, இந்தக் குளிரில் வந்து ஒதுங்கினார். மிச்சம் அந்த ஒரு படப்பெட்டிதான். சாவதற்குள் நாலு பேர் தன் முகத்தைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வாழ்ந்து கெட்டவனுக்கு ஆசை மட்டும் கெடுவதே இல்லை.

திடலில் படம் காட்ட லோரியில் வரும் ராமையாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்தார். இரவு ஏழரைக்குப் படம் ஓடியது.

"பாட்டு இல்ல, பேச்சு இல்ல, என்னா படம் லா இது?"

சனம் எழுந்து போய்விட்டது. துரை மட்டும் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் வாடிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நவமணி திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கூட்டம் அதிகமானால் லயத்து வீடுகளின் சனம் அங்கேதான் உட்காரும். இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

படத்தில் துரைக்கு ஒரு நண்பன். கறுப்புக் கோட்டு. கண்ணோரம் தழும்பு. அவன் துரையைப் பார்க்கவே இல்லை. நவமணியையே பார்த்தான்.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் கண்ணும் நகர்ந்தது...

டக டக டக... படம் முடிந்தது.

நவமணி ஓடிப்போய்க் கேட்டாள். "துரை, அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு யாரு? கண்ணோரம் தழும்பு..."

துரையின் முகம் வெளுத்தது. "அவன் முகம் படத்தில் இல்லை."

ராமையாவும் சொன்னான். "முன்னால இருந்து பாத்தா முதுகுதான்க்கா தெரிஞ்சுச்சு. கடைசி வரைக்கும்."

"தோமாஸ்," என்றார் துரை. "என்னைவிட அழகன். நான் டைரக்டர். எல்லாக் காட்சியிலும் திரும்பி நிற்க வைத்தேன். படத்துக்கு ஒரு முகம் போதும்."

"அப்புறம் அவரு?"

"முகம் யாருக்கும் தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. பட்டினியில் செத்தான்."

நவமணி படப்பெட்டியைக் காட்டினாள். "இதக் காட்டத்தான் இவ்வளவு கெஞ்சினீங்களா?"

துரை படப்பெட்டியை ராமையாவிடமே விட்டுவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் துரை நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். பாவம் பார்த்து, ராமையா அந்தப் படத்தை இன்னொரு தடவை ஓட்டினான்.

திரையில் இரண்டு முதுகுகள்.

நண்பனுடையது ஒன்று. கதாநாயகனுடையது ஒன்று. கடைசி வரை யாரும் திரும்பவே இல்லை.

நவமணி இந்தத் தடவை முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லயத்து வடிவம்மாள்தான் ஓடி வந்தாள்.

"கறுப்புக் கோட்டுக்காரரு சிரிக்கிறாருடி. நம்ம துரை வாயப் பொளந்து கத்துறாரு... சத்தமே வரல."